இறப்புச் சான்றிதழை வைத்துப் புற்றுநோயை எண்ணப் போகிறீர்களா?

ஒரு பகுதியில் யாருக்கெல்லாம் புற்று கண்டறியப்படுகிறது என்று எண்ணிவைக்கும் புற்றுநோய்ப் பதிவேட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். என் மேசைக்கு வந்த ஓர் இறப்புச் சான்றிதழில், காரணம் எழுதும் இடத்தில் இரண்டே எழுத்துகள் இருந்தன: சி, ஏ. அவசரத்தில் கிறுக்கியது. புற்றுநோய்ப் பதிவேட்டில் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்குப் பார்ப்பதெல்லாம் புற்றாகத்தானே தெரியும்? 'கார்சினோமா' என்று படித்தேன். எந்த உறுப்பு என்று இல்லாததால், இடம் தெரியாத புற்றுக்கு உரிய சி80 என்ற கோடை, அதாவது நோய்க் குறியீட்டைப் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

மாலையில் சரிபார்த்த மேடம் அந்தத் தாளோடு வந்து நின்றார்.

"இது கார்சினோமான்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"சிஏ-ன்னு போட்டிருக்கே மேடம்."

"கார்டியாக் அரெஸ்ட்டுக்கும் அதே சிஏ-தான். கேட்டுட்டு எழுதுங்க."

கேட்டோம். இதயம் நின்றுபோனதைத்தான் சுருக்கி எழுதியிருந்தார்கள். அந்த நோயாளியின் ஃபைலில் புற்று என்ற பேச்சே இல்லை. மேடம் தடுத்திருக்காவிட்டால், நோயே வராத ஒருவர் அந்த ஆண்டின் புதிய புற்றுநோயாளிகளில் ஒருவராகக் கணக்கில் ஏறியிருப்பார்.

அதற்கப்புறம் பதினான்கு ஆண்டுகளாக இதே வேலை. புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இப்போது என் தலையில்தான். ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். 'இறப்புத் தரவு மட்டும்தான் கிடைத்தது, அதை வைத்துப் புற்றுநோய் கூடியிருக்கிறதா என்று பார்' என்று சொல்லி அனுப்பப்பட்ட ஆய்வு மாணவர்களுக்கும் இது உதவும்.

எதை எண்ணுகிறீர்கள்?

எங்கள் அறையில் எல்லோரும் 'இன்சிடன்ஸ்' என்றுதான் சொல்வோம். ஒரு குறிப்பிட்ட மக்கள்தொகையில், ஓர் ஆண்டில், புதிதாக எத்தனை பேருக்கு நோய் கண்டறியப்பட்டது என்ற கணக்கு அது. சான்றிதழ் சொல்வதோ எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை. நோய் வந்த எல்லோரும் சீக்கிரமே இறந்துவிடுவார்கள் என்றால் இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். பிழைப்பவர்கள் கூடக்கூட இரண்டும் விலகிப் போகும்.

எவ்வளவு விலகும் என்பதற்கு, நாடுவாரியாகப் புற்றுநோயை மதிப்பிடும் குளோபோகான் திட்டத்தின் 2022-ஆம் ஆண்டு உலக மதிப்பீட்டைப் பாருங்கள். கணையப் புற்றுநோயில் புதிய நோயாளிகள் சுமார் 5.1 லட்சம், இறப்புகள் சுமார் 4.7 லட்சம். இங்கே இறப்பைப் பார்த்தே நோயின் அளவை ஊகித்துவிடலாம். தைராய்டில் புதியவர்கள் சுமார் 8.2 லட்சம், இறப்புகள் சுமார் 47 ஆயிரம். இதை இறப்புச் சான்றிதழ் வழியாகப் பார்த்தால் பதினேழு பேரில் ஒருவர்தான் கண்ணில் படுவார்.

அளவு மட்டும் பிசகினால்கூடப் பரவாயில்லை, சில சமயம் திசையே மாறிவிடும். தென் கொரியாவில் அல்ட்ராசவுண்ட் போட்டுத் தைராய்டைத் தேடிப் பார்க்கும் வழக்கம் பரவியபோது, 1993-க்கும் 2011-க்கும் இடையே தைராய்டுப் புற்று கண்டறியப்படும் வீதம் 15 மடங்கானது. இறப்பு வீதம் அசையவே இல்லை. அந்நாட்டுச் சான்றிதழ்களை மட்டும் வைத்திருந்த ஒருவர் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று அறிக்கை எழுதியிருப்பார். விரைப் புற்றுநோயில் கதை தலைகீழ். 1970-களின் இறுதியில் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து வந்ததும் மேலை நாடுகளில் இறப்பு சரிந்தது. நோய் வருவதோ கூடிக்கொண்டிருந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றும் அப்படித்தான். 1960-களில் பத்தில் ஒரு குழந்தை பிழைத்தாலே பெரிது. இன்று வசதியுள்ள நாடுகளில் அதன் முக்கிய வகையில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன. இறப்புக் கோடு இறங்கியது என்பதற்காக நோய் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியுமா?

சான்றிதழையே நம்பி நல்ல கணக்குப் போட்ட இடமும் உண்டு. கல்நார் தூசியால் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுக்கு பிரிட்டனில் ஒரு தனிப் பதிவேடு இருக்கிறது. 1968 முதலான இறப்புச் சான்றிதழ்களில் எந்த வரியிலாவது அந்தச் சொல் இருந்தால் அந்த இறப்பு அதில் ஏறிவிடும். அந்த நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளில் இறந்துவிடுகிறார்கள். பெயரும் வேறொன்றோடு எளிதில் குழம்பாது. அதனால் முறை எடுபட்டது.

எனவே தரவைத் திறப்பதற்கு முன்னால் நீங்கள் செய்யவேண்டியது, எண்ணப்போகும் ஒவ்வொரு புற்றுக்கும் எதிரே இரண்டு விஷயம் எழுதிக்கொள்வது. ஒன்று, ஐந்தாண்டு கழித்து எத்தனை சதவீதம் பேர் உயிரோடு இருக்கிறார்கள். இரண்டு, அந்த உறுப்பு வேறு இடத்துப் புற்று வந்து தங்குமிடமா. முதலாவதைப் பார்த்தாயிற்று. இரண்டாவதுதான் எங்களை அதிகம் அலைக்கழிப்பது. அதற்கு முன் படிவத்தைப் பார்த்துவிடலாம்.

படிவத்தைப் படிக்கும் விதம்

உலக சுகாதார நிறுவனத்தின் மாதிரிப் படிவத்தைத்தான் உலகில் பெரும்பாலான இடங்களில் சிறு மாற்றங்களோடு பின்பற்றுகிறார்கள். முதல் பகுதியில் நான்கு வரிகள். மேல் வரியில் உயிர் பிரிந்ததற்கு உடனடிக் காரணம். அதற்குக் கீழே, அது எதனால் வந்தது. அதற்குக் கீழே, அதுவும் எதனால் வந்தது. இப்படிப் படியிறங்கிப் போனால் கடைசியில் இருப்பதுதான் அடிப்படைக் காரணம். இரண்டாம் பகுதியில், சங்கிலியில் சேராமல் இறப்புக்குத் துணைபோன மற்ற நோய்கள்.

ஒழுங்காக நிரப்பப்பட்ட ஒன்று இப்படி இருக்கும். முதல் வரியில் மூச்சுச் செயலிழப்பு, இரண்டாவதில் நிமோனியா, மூன்றாவதில் நுரையீரலில் பரவல், நான்காவதில் மார்பகப் புற்று. இரவு இரண்டு மணிக்குப் பணியில் இருக்கும் டாக்டர் இதை எழுதுவதாக நினைத்துப் பாருங்கள். நோயாளியை அவர் பார்த்ததே கடைசி மூன்று மணி நேரம்தான். வெளியே உறவினர்கள் காத்திருக்கிறார்கள். அவர் இரண்டாவது வரியோடு பேனாவை மூடிவிட்டால், புள்ளிவிவரத்தில் அந்தப் பெண் நிமோனியாவால் இறந்தவர். மார்பகப் புற்று அந்தத் தாளில் இருந்த இடமே தெரியாது. டாக்டர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அந்தப் படிவம் அவருக்குச் சட்டத்துக்காக நிரப்பும் தாள். நாம்தான் அதை ஆராய்ச்சிக் கருவியாக ஆக்கிக்கொண்டவர்கள்.

சரி, நான்கு வரியும் நிரம்பிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் கைக்கு வரும் இறப்புத் தரவுக் கோப்பில் நான்கும் இருக்காது. ஐரிஸ் போன்ற மென்பொருளோ, பயிற்சி பெற்ற ஓர் ஆளோ, விதிகளின்படி ஒரே ஓர் அடிப்படைக் காரணத்தைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் ஒரு நோய்க் குறியீடு போட்டிருப்பார்கள். மற்றவை உதிர்ந்துவிடும். ஆகவே தரவு கேட்டு விண்ணப்பிக்கும்போதே 'சான்றிதழில் குறிப்பிடப்பட்ட எல்லாக் காரணங்களும் வேண்டும்' என்று எழுதுங்கள். அடிப்படைக் காரணம் மட்டும் வந்தால், மாரடைப்பில் இறந்த குடல் புற்று நோயாளியை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

நோய்க் குறியீடுகளைச் சலிக்கும்போதும் ஒரு பழக்கம் வேண்டும். இந்தக் குறியீடுகள் வரும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய் வகைப்பாட்டில் புற்று என்றால் சி00 முதல் சி97 வரை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வரிசையை மட்டும் இழுத்துப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். எச்ஐவி-யால் வந்த புற்றில் இறந்தவர் பி21-இல் இருப்பார். எச்ஐவி உள்ளவர்களிடம் காணப்படும் காப்போசி சார்கோமா என்ற புற்றின் நோயாளிகள் பலர் ஒளிந்திருப்பது அங்கேதான். டாக்டர் 'மூளைக் கட்டி' என்று மட்டும் எழுதியிருந்தால், நல்லதா கெட்டதா என்று சொல்லாததால் அது டி43-க்குப் போய்விடும். ரத்த அணு உற்பத்தி கெட்டுப்போகும் நோய்களான பாலிசைத்தீமியா வேரா டி45, மைலோடிஸ்பிளாசியா டி46. கட்டிகளுக்கென்றே இருக்கும் ஐசிடி-ஓ வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பு இந்த இரண்டையும் புற்று என்றே வைக்கிறது. டி37 முதல் டி48 வரையும் பி21-உம் சேர்த்து இழுங்கள். தேவையில்லாததை அப்புறம் கழித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் பகுதியில் புற்று என்று பார்த்ததும் குதிக்காதீர்கள். இருபது ஆண்டுக்கு முன்னால் அறுவை செய்து குணமானதையும் சில டாக்டர்கள் அங்கே எழுதுவார்கள். அது இந்த ஆண்டின் புதிய நோயாளி ஆகாது.

புற்று என்பது சரி, எங்கே?

என் அனுபவத்தில் 'இவருக்குப் புற்று இருந்ததா?' என்ற கேள்விக்குச் சான்றிதழ் பெரும்பாலும் சரியாகவே பதில் சொல்கிறது. 'எந்த உறுப்பில் தொடங்கியது?' என்று கேட்கும்போதுதான் திக்குகிறது. அமெரிக்காவில் 1981-இல் வெளியான ஓர் ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. புற்றால் இறந்த 48,826 பேரின் சான்றிதழ்க் குறியீட்டை மருத்துவமனையில் முதலில் எழுதிய நோய்ப்பெயரோடு ஒப்பிட்டார்கள். சுமார் 65 சதவீதம்தான் சரியாகப் பொருந்தியது. பெருங்குடல் புற்று உள்ளதைவிட அதிகமாகவும், மலக்குடல் புற்று உள்ளதைவிடக் குறைவாகவும் சான்றிதழ்களில் பதிவாகியிருந்தது. ஆளாளுக்குக் 'குடல்' என்று எழுதினால் எல்லாம் பெருங்குடல் கணக்கில்தானே சேரும். மலக்குடல் புற்றின் போக்கை இறப்பு எண்ணை வைத்துத் தனியாக ஆராய்கிறேன் என்று யாராவது வந்தால், இரண்டையும் சேர்த்தே பாருங்கள் என்றுதான் நான் சொல்லுவேன்.

கருப்பையும் இப்படித்தான். கருப்பை வாய் சி53, கருப்பை உடல் சி54, எந்தப் பகுதி என்று சொல்லாவிட்டால் சி55. முதல் இரண்டுக்கும் காரணம் வேறு, தடுக்கும் வழியும் வேறு. சான்றிதழில் 'கருப்பைப் புற்று' என்று மட்டும் இருந்தால் சி55 என்ற பொதுக் கூடையில்தான் விழும். கருப்பை வாய்ப் புற்றின் எண்ணிக்கை ஓரிடத்தில் ஆச்சரியப்படும்படி குறைவாக இருந்தால், முதலில் நான் திறந்து பார்ப்பது அந்தக் கூடையைத்தான்.

கல்லீரல், மூளை, எலும்பு, நுரையீரல் நான்கும் வேறு இடத்துப் புற்று வந்து தங்கும் வீடுகள். 'செகண்டரி' என்று எழுதியிருந்தால் சி77 முதல் சி79-க்குள் போகும், பிழையில்லை. அந்தச் சொல்லை எழுத மறந்துவிட்டால் விருந்தாளியே வீட்டுக்காரர் ஆகிவிடுவார். ஒரு தாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அறுபது வயது கடந்தவர்; முதல் வரியில் மூளை அழுத்தம், இரண்டாவதில் மூளைப் புற்று, மற்றது காலி. பார்க்க எவ்வளவு தெளிவாக இருக்கிறது! சி71 போட வேண்டியதுதான் என்று யாருக்கும் தோன்றும். பழைய ஃபைல்களைத் தேடியதில், ஏழு மாதத்துக்கு முன்னால் வேறொரு மருத்துவமனையில் எடுத்த திசுப் பரிசோதனை முடிவு கிடைத்தது: நுரையீரல், சிறுசெல் வகை. மூளையில் இருந்தது அதன் பரவல். அந்த ஒரு தாளை அப்படியே விட்டிருந்தால் இரண்டு தவறு. மூளையில் ஒன்று கூடியிருக்கும். நுரையீரல் ஏற்கெனவே பதிவாகியிருந்ததால் ஒரே ஆள் இரண்டு நோயாளியாகியிருப்பார்.

புராஸ்டேட் வேறு வகைத் தலைவலி. வயதான ஆண்களின் உடலைக் கூறாய்ந்தால், உயிரோடு இருந்தவரை யாருக்குமே தெரியாத புராஸ்டேட் புற்று பலரிடம் கிடைக்கிறது. அதோடு இறப்பவர்கள் அதிகம், அதனால் இறப்பவர்கள் குறைவு. டாக்டர் அதை முதல் பகுதியில் எழுதுவாரா, இரண்டாம் பகுதியில் எழுதுவாரா, எழுதாமலே விடுவாரா என்பது அவரவர் பழக்கம்.

சான்றிதழிலிருந்து நோயாளியைத் தேடிப் போவது

பதிவேட்டு வேலையில் சான்றிதழுக்கு உண்மையான மரியாதை இங்கேதான். மருத்துவமனை, ஆய்வகம் எதிலிருந்தும் வராத ஒரு நோயாளியை முதன்முதலில் சான்றிதழ்தான் காட்டிக்கொடுக்கிறது. அவரை டிசிஎன் என்போம், சான்றிதழால் தெரியவந்தவர். தேடிப் போய் வேறு ஆதாரம் எதுவுமே கிடைக்காவிட்டால் டிசிஓ, அதாவது சான்றிதழ் மட்டுமே உள்ளவர். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தேடுவதற்கு முன் பொருத்திப் பாருங்கள். அந்த ஆள் ஏற்கெனவே உங்கள் பதிவேட்டில் இருக்கிறாரா? பெயரை வைத்து மட்டும் முடிவுசெய்ய வேண்டாம். ஒரே பெயரை மூன்று அலுவலகம் மூன்று எழுத்துக்கூட்டலில் எழுதும். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். ஏப்ரல் 7 ஜூலை 4 ஆகிவிடும். கணினி 'இல்லை' என்றதை நம்பி நான் புதிதாக ஏற்றிய ஒருவர், ஓர் எழுத்து மாறி ஏற்கெனவே அங்கே இருந்தார். அன்றிலிருந்து, பெயர் பொருந்தாவிட்டாலும் பால், பிறந்த ஆண்டு, முகவரி, புற்றின் இடம் இந்த நான்கில் மூன்று பொருந்துகிறதா என்று கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் புதியவர் என்று முடிவுசெய்கிறேன்.

அப்புறம் தொலைபேசி. கையெழுத்துப் போட்ட டாக்டரிடம் எடுத்தவுடன் "நீங்கள் எழுதியது சரியா?" என்று கேட்டால் அத்தோடு பேச்சு முடிந்தது. நான் கேட்பது மூன்றே கேள்வி. இந்த நோய் முதலில் எங்கே கண்டறியப்பட்டது? எப்போது? திசுப் பரிசோதனை நடந்ததா, ஸ்கேனோடு நின்றதா? முதல் கேள்விக்கு மட்டும் விடை கிடைத்தாலே போதும். மற்ற இரண்டும் அந்த இடத்து ஃபைலில் இருக்கும். பெரும்பாலும் அவர் "கேஸ் ஷீட்டில் இருந்ததை எழுதினேன், ரெஃபர் செய்த இடத்தைக் கேளுங்கள்" என்பார். அந்த இடத்தின் பெயர் வந்தால் நல்ல நாள்.

இரண்டாவது கேள்வியை யாரும் லேசாக எடுக்கக் கூடாது. டிசிஓ நோயாளிக்கு நோய் கண்டறிந்த தேதியாக இறந்த தேதியையே போட வேண்டும் என்பது பன்னாட்டு விதி. அதைத் தவிர வேறு வழியும் இல்லை. ஆனால் அவர் உண்மையில் ஆறு ஆண்டுக்கு முன்பே நோய் கண்டறியப்பட்டவராக இருக்கலாம். புதிதாகத் தொடங்கிய பதிவேடுகளில் முதல் சில ஆண்டுகளுக்கு இந்தத் தொல்லை மிக அதிகம். பதிவேடு பிறப்பதற்கு முன்பே நோயாளியானவர்கள் இப்போது ஒவ்வொருவராக இறந்து சான்றிதழ் வழியாக உள்ளே வருவார்கள். தேடிப் பார்த்துத் தேதி கிடைத்தால் அவர்களை இந்த ஆண்டின் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். தேடாமல் விட்டால், தொடக்க ஆண்டுகளில் நோய் பெருகியிருந்து பிறகு குறைந்ததுபோல ஒரு பொய்ச் சரிவு வரைபடத்தில் விழும். டிசிஓ நோயாளிகளை உயிர்வாழ்வு ஆய்வில் சேர்க்காததற்கும் இதுவே காரணம். கண்டறிந்த நாளும் இறந்த நாளும் ஒன்றானால் பிழைத்த காலம் பூஜ்யம். அதை வைத்து என்ன கணக்கிடுவது?

டிசிஓ எத்தனை சதவீதம் என்பதைப் பதிவேட்டின் தரத்துக்கு அளவுகோலாக வைப்பார்கள். அதிகமாக இருந்தால் வலையில் ஓட்டை என்று பொருள், சரி. குறைவாக இருந்தால் வலை நன்றாக இருக்கிறது என்று பொருளா? அவசியமில்லை. ஓடி ஓடித் தேடுகிற நான்கு பேர் இருந்தால் டிசிஓ இறங்கிவிடும், ஓட்டை அப்படியே இருக்கும். 'எங்களிடம் டிசிஓ பூஜ்யம்' என்று ஒரு பதிவேடு பெருமை பேசினால் எனக்கு முதலில் வரும் சந்தேகம், இவர்களுக்குச் சான்றிதழே கொடுக்கப்படுவதில்லையோ என்பது. ஆகவே தேடும் முன் எத்தனை டிசிஎன் இருந்தது என்று கேளுங்கள்.

விடுபட்டவர்கள் எத்தனை?

டிசிஎன் எண்ணை வைத்து, இன்னும் கண்ணில் படாதவர்களையும் மதிப்பிட முடியும். உதாரணத்துக்கு எளிய எண்களாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு வகைப் புற்றில் நூற்றுக்கு 40 பேர் இறக்கிறார்கள். உங்கள் வலையில் விழாமல் போனவர்களில் 40 பேர் இறந்து, சான்றிதழால் தெரியவந்தார்கள். விடுபட்டவர்களும் மற்றவர்களைப் போலவே இறக்கிறார்கள் என்று வைத்தால், விடுபட்டவர்கள் மொத்தம் 100 பேர். 40 பேரைச் சான்றிதழ் பிடித்துக் கொடுத்துவிட்டது, 60 பேர் எங்கோ உயிரோடு இருக்கிறார்கள், உங்கள் கணக்கில் இல்லை. அந்த 60 பேரை எந்தச் சான்றிதழாலும் காட்ட முடியாது.

இந்தக் கணக்கின் பலவீனம் அந்த 'போலவே' என்ற சொல்லில் இருக்கிறது. விடுபடுபவர்கள் யார்? மிக வயதானவர்கள், பெரிய மருத்துவமனைக்கே போகாதவர்கள், நோய் முற்றிய பிறகு வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள். அவர்களில் நூற்றுக்கு 80 பேர் இறக்கிறார்கள் என்று வைத்தால், அதே 40 டிசிஎன்னுக்கு மொத்தம் விடுபட்டவர்கள் 50 பேர்தான், இன்னும் தெரியாதவர்கள் 10 பேர். ஓர் அனுமானம் மாறியதும் 60 என்பது 10 ஆகிவிட்டது. இரண்டையும் எழுதி, எதை ஏன் நம்புகிறீர்கள் என்று சொல்லுங்கள். எல்லா வயதுக்கும் சேர்த்து ஒரே கணக்காகப் போடாமல் எழுபத்தைந்து வயதுக்கு மேல், கீழ் என்று பிரித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

கையில் இறப்பு எண் மட்டுமே இருந்தால்

பதிவேடே இல்லாத இடத்தில் வேறு வழியில்லை. இறப்பு எண்ணை, வேறோர் இடத்தின் இறப்பு-இன்சிடன்ஸ் விகிதத்தால் (இறப்புகளைப் புதிய நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது) வகுத்துப் புதிய நோயாளிகளை மதிப்பிடுவார்கள். செய்யலாம். எந்த இடத்து விகிதத்தைக் கடன் வாங்குகிறீர்களோ, அந்த இடத்துச் சிகிச்சைத் தரத்தையும் சேர்த்துக் கடன் வாங்குகிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும். நன்றாகப் பிழைக்கவைக்கும் நாட்டின் விகிதத்தைப் பிழைக்கவைக்க வசதியில்லாத நாட்டுக்குப் போட்டால் இல்லாத நோயாளிகளை உண்டாக்கிவிடுவீர்கள்.

மாணவர்கள் இன்னொரு குழியில் விழுகிறார்கள். இப்படிக் கிடைத்த எண்ணை குளோபோகான் எண்ணோடு ஒப்பிட்டு, 'அழகாகப் பொருந்துகிறது' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். பதிவேடு இல்லாத பல நாடுகளுக்கு குளோபோகானே இறப்பையும் விகிதத்தையும் வைத்துத்தான் மதிப்பிடுகிறது. நீங்கள் போட்ட அதே கணக்கை அவர்களும் போட்டிருக்கிறார்கள், பொருந்தாமல் என்ன செய்யும்?

கடைசியாக, காலப்போக்கைப் பார்க்கும்போது குறியீடு போடும் விதிகள் மாறிய ஆண்டுகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்து-வேல்ஸில் 1984-இல் அடிப்படைக் காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் மூன்றாம் விதிக்கு (எழுதிய காரணம் வேறொரு நோயின் விளைவு என்று தெளிவாகத் தெரிந்தால் அந்த நோயைத் தேர்ந்தெடு என்பது) புள்ளிவிவர அலுவலகம் விரிந்த பொருள் கொடுத்தது. நிமோனியா இறப்புகள் ஒரே ஆண்டில் சடாரென்று சரிந்தன. அதுவரை பின்னால் நின்ற நோய்கள் அடிப்படைக் காரணமாக முன்னே வந்தன. 1993-இல் பழைய முறைக்கே திரும்பினார்கள். யாருக்கும் நோய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஐசிடி-10-க்கு மாறியதும் அமெரிக்காவில் 1999-இல், இங்கிலாந்து-வேல்ஸில் 2001-இல். உங்கள் தரவு எந்த ஆண்டில் மாறியது என்று தரவு கொடுத்த அலுவலகத்திடமே கேளுங்கள். வரைபடத்தில் அந்த ஆண்டில் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். கோட்டுக்கு இரு பக்கமும் தனித்தனியாகப் போக்கைக் கணக்கிடுங்கள். அட்டவணைக்குக் கீழே மூன்று எண் இருக்கட்டும்: சி80-உம் சி55-உம் மொத்தத்தில் எத்தனை சதவீதம், எல்லாக் காரணங்களையும் எடுத்தீர்களா அடிப்படைக் காரணம் மட்டுமா என்பதோடு அதனால் வந்த வித்தியாசம், பதிவேடு இருந்தால் வயதுவாரியாக டிசிஓ. என்னிடம் சரிபார்க்க வரும் அறிக்கையில் இந்த மூன்றும் இல்லாவிட்டால், மேற்கொண்டு படிக்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.